புத்துமேட்டு விருந்தாளிகள்

லோகநாயகி இருளர் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பாம்பு பிடிப்பியா?" என்பதுதான். அவளுக்குப் பாம்பென்றால் உயிரே போய்விடும். போன மழைக்கு எங்கள் தெருவில் ஒரு சாரை வந்தபோது எல்லோரும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதற்குள் தெருக்கோடியைத் தாண்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஓடியவர் என் கணவர் கஸ்தூரிரங்கன். குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரே ஓடுகிறார் என்றதும் மிச்சப் பேரும் ஓடினார்கள். பாம்பு தன்பாட்டுக்குக் கால்வாய்க்குள் போய்விட்டது.

அவளுக்குக் கைவந்த வேலை சப்பாத்தி. பொத்தேரியில் ஒரு பெண்கள் விடுதியின் மெஸ்ஸில் பல வருஷமாகச் சப்பாத்தி தேய்க்கிறாள். சாயங்காலம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரத்தில் வந்து இறங்கினால், பிளாட்பாரத்தின் இந்த முனையில் அவள் பேசுவது அந்த முனையில் கேட்கும். "உனுக்கு மைக்கு வேணாம்டி, மைக்குக்குத்தான் நீ வேணும்" என்பாள் அருள்மேரி. அதே மெஸ்ஸில் காய் நறுக்குகிறவள், லோகநாயகியின் உயிர்த்தோழி.

என் பெயர் வேதா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல்; நாற்பது பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். லோகநாயகியின் மகள் ப்ரியா என்னிடம் படித்தாள். பிளஸ் டூ முடித்து இப்போது சானடோரியத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மகளுக்கு நான் டீச்சர் என்பதால் தாய்க்கும் டீச்சர்தான். ஆனால் மரியாதை மகளோடு சரி. அவள் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இன்றைக்கு அவள் எங்கள் ஊராட்சியில் வார்டு மெம்பர். எப்படி ஆனாள் என்பதற்குக் கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். எல்லாக் கதையிலும் அவர்கள்தான் அவளை ஆளாக்கினார்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்தவள், நடந்ததைச் சொல்கிறேன்.

இரும்புலியூரைத் தாண்டி உள்ளே வந்தால், மாநகராட்சி முடிந்து எங்கள் ஊராட்சி தொடங்குகிற இடத்தில் ஓர் ஏரி. ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் காலனி. அந்தப் பக்கம் கொஞ்சம் உயரமாக ஒரு மேடு. அங்கே ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஆளுயரப் புற்று, புற்றுக்கு முன்னால் ஏழு கல். அதுதான் இருளர்களின் கன்னியம்மா. அவளைச் சுற்றி அவர்கள் வீடுகள். ஓலை, தார்ப்பாய், ஆஸ்பெஸ்டாஸ், கிடைத்ததெல்லாம் சேர்த்துக் கட்டியவை. காலனி வருவதற்கு வெகுகாலம் முன்பே புத்துமேடு இருந்தது. ஆனால் கையில் பட்டா கிடையாது.

அவர்களுக்கு வருஷத்தில் பெரிய நாள் மாசி மகம். ஊரோடு கிளம்பி மகாபலிபுரம் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டுக்கொண்டு, விடியற்காலையில் மணலில் ஏழு படி வைத்து, பூவும் பழமும் பரப்பி அம்மனைக் கூப்பிடுவார்கள். கல்யாணங்களும் அங்கேயேதான். நாய், கோழி, கைக்குழந்தை, கம்பு ஊன்றி நடக்கிற கிழம், எல்லாம் வேன் ஏறியாக வேண்டும். ஏன் ஒருவரையாவது காவலுக்கு விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன்.

"அம்மா கோச்சுக்கினு கடலுக்குப் பூட்சு டீச்சர். நாங்க போயி கூப்ட்டாதான் வரும். எல்லாரும் போவணும். ஒருத்தன் வூட்ல குந்திகினு இருந்தான்னு வையி, இவனுக்கு நான் வேணாம் போலன்னு அங்கியே இருந்துடும்."

"கதவைப் பூட்டிட்டாவது போறீங்களா?"

"கவுத்தால கட்டிட்டுப் போவோம். உள்ள இன்னா கீது தூக்கிகினு போறதுக்கு?"

அப்படி ஒரு மாசி மகத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது, மேட்டில் மஞ்சள் பெயின்ட் அடித்த அளவுக்கல் நட்டிருந்தது. ஒன்று புற்றின் காலடியில். அப்புறம்தான் தெரிந்தது, நெடுஞ்சாலையிலிருந்து ஏரிக்கரையோடு ஒரு பெரிய இணைப்புச் சாலை வருகிறது, தூண் நிறுத்திப் பாலமாக. மேட்டின் மேலேதான் போகிறது. அளக்க வந்தவர்கள் ஆளரவம் இல்லாத வீடுகளையும் கயிற்றால் கட்டிய கதவுகளையும் பார்த்து, ஏரிப் புறம்போக்கு, குடியிருப்பு ஏதும் இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். குடியிருப்பு இல்லையென்றால் மாற்று இடம் இல்லை, இழப்பீடு இல்லை, யாரிடமும் கேட்க வேண்டியதும் இல்லை.

ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை ப்ரியா படித்துச் சொன்னதும் லோகநாயகி நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"அப்ப நான் யாரு டீச்சர்? பேயா?"

உள்ளே ஹாலில் என் கணவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். காரணம் உண்டு. அந்தச் சாலை சீக்கிரம் வேண்டும் என்று சங்கத்தின் சார்பில் மனு எழுதியதே அவர்தான். சாலை வந்தால் மனை விலை ஏறும் என்று சங்கக் கூட்டத்தில் லட்டு வேறு கொடுத்தார்கள். அவர் மேல் முழுத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் தினமும் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனவர், ரோடு கேட்பது இயல்புதான். அவர் எழுதிய மனுவில் புத்துமேடு என்ற பெயரே இல்லை.

முதலில் மண் சோதிக்க ஓட்டை போடும் மிஷின் வந்தது. புத்துமேட்டுப் பெண்கள் புற்றைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். லோகநாயகி அங்கேயே அடுப்பு மூட்டிச் சப்பாத்தி போட்டாள். மிஷின் ஓட்ட வந்தவர் வடக்கிலிருந்து வந்தவர், பாவம், நல்ல சப்பாத்தி கண்ணில் பட்டே நாளாகியிருக்கும். அவருக்கும் கொடுத்தாள். வயிறு நிறையத் தின்றுவிட்டு அவர் எந்த முகத்தோடு மிஷினைக் கிளப்புவார்? மறுநாள் வரவில்லை. அதற்கப்புறம் போலீஸ் வந்தது, வழக்கும் போட்டது. பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் அனுப்பினார்கள். மண்டபத்தில் சாம்பார் நன்றாக இல்லை என்பது லோகநாயகியின் தீராத குறை. இத்தனைக்கும் ஒரு கட்சிக்காரர்கூட எட்டிப் பார்க்கவில்லை. மொத்த மேட்டிலும் எவ்வளவு ஓட்டு இருந்துவிடப் போகிறது என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். எங்கள் காலனி முன்வரிசையில், புத்துமேடு கடைசியில். மேடையில் இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். லோகநாயகியிடம் மைக்கை நீட்டினார்கள். அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"சார், தீபாவளிக்கு ஊருக்குப் போவீங்களா?"

அவர் திகைத்துப்போய், "போவேன்மா, விருதுநகர் பக்கம்" என்றார்.

"வூட்டப் பூட்டிகினுதானே போவீங்க? அன்னிக்கு நான் வந்து தட்டிப் பாத்துட்டு, ஆளில்லாத வூடுன்னு எழுதிகினு உள்ள குந்திக்கலாமா?"

மண்டபமே சிரித்தது.

"சிரிக்காதீங்க. இங்க குந்திகினு கீறவங்க, எத்தினி பேரு தீபாவளிக்கு கிளாம்பாக்கத்துல பஸ்ஸுக்கு நின்னீங்க? கைய தூக்குங்க பாக்கலாம்."

முன்வரிசையில் முக்கால்வாசிக் கைகள் மேலே போயின. தீபாவளி வந்தால் தாம்பரம் சுற்றுவட்டாரமே காலியாகிவிடும், இதில் மறைக்க என்ன இருக்கிறது? என் பக்கத்திலும் ஒரு கை மெல்ல எழுந்தது. நான் திரும்பிப் பார்த்ததும் பாதியில் நின்றது, ஆனால் இறங்கவில்லை.

மறுபடி நேரில் வந்து பார்க்கிறோம், ஆட்கள் குடியிருந்தால் அறிக்கையை மாற்றுவோம் என்றார் அதிகாரி. எப்போது என்று கேட்டதற்கு, சொல்லாமல்தான் வருவோம் என்றார்.

கார்த்திகை போனது, தை போனது, யாரும் வரவில்லை. மாசி பிறந்தது. காண்டிராக்டரின் ஆள் ஒருவன் டீக்கடையில், "இந்த வாட்டியும் மகத்தன்னிக்குத்தான் வருவாங்க, பாத்துகினே இரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தானாம். நிஜமோ, சும்மா வயிற்றைக் கலக்கிவிடச் சொன்னானோ, யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த மகத்தன்று விடியற்காலையில் கடற்கரையில் ப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை திருக்கழுக்குன்றம் பக்கம்.

போனால் மேடு போய்விடும். போகாவிட்டால் அம்மன் வரமாட்டாள், மகள் கல்யாணமும் நிற்கும். ஆம்பிளைகள் மட்டும் தங்கலாம் என்றார் லோகநாயகியின் புருஷன் மாசிலாமணி. அப்பன் இல்லாமல் பெண்ணுக்குக் கல்யாணமா என்று மற்ற பெண்கள் அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்கள். லோகநாயகி எதுவும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு வாரம்தான். ட்ரெயினில் அவள் வாயே திறக்காமல் வருவதைத் தாங்க முடியவில்லை என்று அருள்மேரி என்னிடம் வந்து அழுதாள்.

பிறகு ஒரு சாயங்காலம் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். குரல் திரும்பி வந்திருந்தது.

"டீச்சர், மகத்துக்கு எங்க வூட்டுக்கு வர்றியா?"

"மகாபலிபுரத்துக்கா?"

"இல்ல, எங்க வூட்டுக்கு. நாங்க இருக்க மாட்டோம்."

விருந்துக்கு அழைத்துவிட்டு வீட்டில் இல்லாமல் போகிற மனுஷியை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இருளர்ல ஒருத்தரும் தங்கக்கூடாதுன்னுதானே அம்மா சொல்லுது? நீ இருளரா?"

"இல்லை."

"அப்ப நீ தங்கலாம். அருள்மேரியும் யேசுதாசனும் வர்றாங்க. எங்க மெஸ்ஸுல துன்ற காலேஜு பொண்ணுங்க கொஞ்சம் பேரு வருதுங்க. வூட்டுக்கு ரெண்டு பேரு போதும். மீன்கொழம்பு வெச்சுட்டுப் போறேன். உனுக்குச் சப்பாத்தி, உருளக்கெழங்கு."

நான் சரி என்றேன். உள்ளேயிருந்து என் கணவர் வந்தார்.

"வேதா, சங்கம் ரோடு கேட்டு மனு கொடுத்திருக்கு. செகரட்டரி ஆத்துக்காரி அங்க போய் உக்காந்தா நன்னாவா இருக்கும்?"

"நீங்க மனு கொடுங்கோ. நான் விருந்துக்குப் போறேன்."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், உனுக்கும் சேத்துத்தான் சப்பாத்தி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் வேன் ஏறிப் போனதும் நாங்கள் கயிற்றை அவிழ்த்து உள்ளே போனோம். அருள்மேரியின் புருஷன் யேசுதாசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவை மேட்டிலேயே நிறுத்திவிட்டு மாசிலாமணியின் கட்டிலில் காலை நீட்டிவிட்டார். கல்லூரிப் பெண்கள் வேப்பமரத்தடியில் பாய் விரித்து எதற்கோ படித்தார்கள். லோகநாயகியின் வீட்டில் நான். ஒரே அறை, ஒரு டி.வி., துணி போட்டு மூடிய ஒரு பெரிய அடுக்குப் பாத்திரம். திறந்தால் மெத்து மெத்தென்று சப்பாத்தி. நான்கு குடும்பம் சாப்பிடலாம். விருந்தாளி என்றால் அவள் கணக்கு அப்படி.

மறுநாள் காலையில் என் கணவர் வந்தார். என் பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டேனாம். கையில் கொசுவர்த்தியும் இருந்தது, மாற்று வேட்டியும் இருந்தது. அன்று சனிக்கிழமை. வருஷக்கணக்காக அவர் எந்தச் சனிக்கிழமையும் திருநீர்மலை ஏறாமல் இருந்ததில்லை.

"பெருமாள் கோச்சுக்க மாட்டாரா?" என்றேன்.

"அவர் கோச்சுண்டு எங்கேயும் போறதில்லை. அங்கேயேதான் படுத்துண்டிருப்பார். அடுத்த வாரம் போனா ஆச்சு" என்றார். பிறகு இரண்டு சப்பாத்தி சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகம். விடிந்ததும் எல்லோருக்கும் ப்ரியாவின் கல்யாண நினைப்புதான். தாலி கட்டியாகியிருக்கும் என்று அருள்மேரி கடல் இருக்கிற திசையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். நாங்கள் காபி குடித்து முடிக்கவில்லை, ஜீப் சத்தம் கேட்டது. காண்டிராக்டரின் ஆள் டீக்கடையில் சொன்னது பொய்யில்லை.

இறங்கியவர் ஓர் இளம் பெண் அதிகாரி, கூட இரண்டு பேர். முதல் வீடு லோகநாயகியுடையது. வாசலில் நாற்காலி போட்டு, நெற்றியில் நாமமும் கையில் பேப்பருமாக என் கணவர். அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் இங்க குடியிருக்கீங்களா சார்?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், குடியிருப்பவர் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பொய் சொல்ல அவருக்கு வராது. நாற்பது வருஷமாகக் கூட இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அவர் எழுந்து நின்றார்.

"இல்லை மேடம். நான் விருந்தாளி."

"விருந்தாளியா? யார் வீட்டுக்கு?"

"லோகநாயகி, மாசிலாமணி. இது அவா வீடு. இன்னிக்குப் பொண்ணுக்குக் கல்யாணம், கடற்கரையில. முடிஞ்சதும் அம்மாவையும் அழைச்சுண்டு வந்துடுவா."

"எந்த அம்மா?"

அவர் புற்றைக் காட்டினார். "அந்த அம்மா. இப்போ ஊர்ல இல்லை."

கூட வந்தவர்களில் ஒருவர் கோப்பைப் புரட்டி, "சார், நீங்க காலனி செகரட்டரி இல்ல? ரோடு சீக்கிரம் வேணும்னு மனு கொடுத்தது நீங்கதானே?" என்றார்.

"நான்தான். கையெழுத்தும் என்னதுதான். ரோடு இப்பவும் வேணும். ஆள் இல்லாத இடத்துல போடுங்கோ. இங்க ஆள் இருக்கா. வீட்டுக்காரா இல்லாம விருந்தாளி எங்கேயிருந்து சார் வருவான்?"

அவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதற்காக நான் சந்தோஷப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று. அப்படிப்பட்ட நாட்கள் அவ்வளவு அதிகமும் இல்லை, அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த அம்மாள் அடுத்த வீட்டுக்குப் போனார். யேசுதாசன் கட்டிலிலிருந்து எழுந்து, "விருந்தாளி மேடம்" என்றார். அதற்கடுத்த வீட்டில் கல்லூரிப் பெண்கள், கோரஸாக. மேட்டைச் சுற்றிவிட்டு வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. எப்போது வருவார்கள் என்று கேட்டார். மத்தியானம் ஆகும் என்றோம். அப்படியானால் இருக்கிறேன் என்று பாயில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் சப்பாத்தி இருந்தது.

வேனுக்கு முன்னால் லோகநாயகியின் குரல் வந்து சேர்ந்தது. பிறகு வேன்கள், கூரையில் மூட்டைகள், ஜன்னலில் நாய்த் தலைகள். மாலையோடு ப்ரியாவும் மாப்பிள்ளையும். எல்லோருக்கும் முன்னால் லோகநாயகி, இடுப்பில் கடல் தண்ணீர்க் குடத்தோடு. வாசலில் ஜீப்பைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய், "ஒண்ணும் இல்லை, அம்மாவை இறக்கு" என்றேன். குடத்தைப் புற்றுக்கு ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அந்த அதிகாரி எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டார்.

அறிக்கை மாறியது. சாலை நிற்கவில்லை, இடம்தான் தள்ளிப்போனது. இப்போது ஏரியின் எங்கள் கரையோரமாகத் தூண் எழுகிறது. எங்கள் பால்கனியில் தினம் ஒரு படி தூசு. என் கணவர் தூசைப் பற்றி வாரம் ஒரு மனு எழுதுகிறார், உற்சாகமாகத்தான் இருக்கிறார்.

அதற்கப்புறம்தான் கட்சிகளுக்குப் புத்துமேட்டுக்கு வழி தெரிந்தது. ஒரு கொடியும் ஏறாத மேட்டில் நான்கு கொடிக்கம்பம் நட வந்தார்கள். "கம்பம் நடறதா இருந்தா லைட்டு கம்பமா நடு" என்று லோகநாயகி விரட்டினாள். ஊராட்சித் தேர்தலில் தன் பாட்டுக்கு நின்றாள். வாழ்நாளில் கதவுக்குப் பூட்டே போடாதவளுக்குப் பூட்டு சாவி சின்னம் கிடைத்தது. காலனியில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டவர் சங்கத்துச் செயலாளர். ஜெயித்தாள். செங்கல்பட்டு வரைக்கும் உள்ள இருளர் குடியிருப்புகளிலிருந்து இப்போது அவளைத் தேடி வருகிறார்கள், எங்கள் இடத்துக்கும் கல் நட்டுவிட்டார்கள் என்று. மாசி மகத்தையொட்டி எங்கள் ஊராட்சியில் யாரும் அளக்க வரக்கூடாது என்று தீர்மானம் போட்டிருக்கிறாள். பட்டா இன்னும் வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அதற்காகக் கத்துகிறாள், அவள் கத்தினால் ஏரிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது.

போன தீபாவளிக்கு நாங்கள் வழக்கம்போல நாங்குநேரிக்குப் போனோம். காலனியில் திருட்டு பயம் என்று பேச்சு. நான் சாவியை லோகநாயகியிடம் கொடுத்து, "நாங்க இருக்க மாட்டோம், எங்க வீட்டுக்கு வர்றியா?" என்றேன். தீபாவளியன்று காலையில் என் கணவருக்குப் போன் வந்தது. எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கிரீஷ் என்ற இளைஞர். ஸ்பீக்கரில் குரல் பதறியது.

"அங்கிள், உங்க வீட்ல யாரோ ஒரு லேடி டி.வி. பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. யாருன்னு கேட்டா விருந்தாளிங்கறாங்க. வீட்டுக்காரங்க இல்லாம எப்படி அங்கிள் விருந்தாளி?"

என் கணவர் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆமாம்ப்பா, விருந்தாளிதான். எங்க வீட்ல ஆள் இருக்குன்னு எழுதிக்கோ."